நல்லவன் திறந்தான், கறார் திறக்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தொட்டால் கை சுடுகிறது. சிறுவாணித் தண்ணீர் விடிவதற்கு முன்னாலேயே வந்து போய்விட்டதாம். மேல் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை. இடது முழங்கால் வலி. நேற்று வலது. முறை வைத்து வலிக்கின்றன.

இன்று:
ஸ்பைரல் பதினாலு
லேமினேஷன் ஆறு
புராஜெக்ட் ரிப்போர்ட் மூன்று செட், கறுப்பு அட்டை, தங்க எழுத்து
ஆன்லைன் அப்ளிகேஷன் இரண்டு
டோனருக்குச் சொல்ல வேண்டும் (மூன்று நாளாக இதையே எழுதுகிறேன்)

ஒரு காலேஜ் புள்ளை பென் டிரைவோடு வந்தது. அது ரிப்போர்ட் டைப் செய்த சாப்ட்வேர் வேறு, என் கம்ப்யூட்டரில் இருப்பது வேறு. இங்கே திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக, படம் அடுத்த பக்கத்தில்.

“சரசக்கா, என்ர லேப்டாப்புல ஒழுங்கா இருந்துச்சுங்க. இங்க வந்து படம் ஓடிப்போச்சு.”

“யாரு கூட ஓடுச்சுன்னு விசாரிச்சியா கண்ணு?”

சிரித்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து நேராக்கினேன். அது சிரித்துக்கொண்டே போய்விட்டது. முதுகு வலி எனக்கு.

மூன்று மணிக்குப் பரிதா. பக்கத்துக் காலேஜில் லேப் டெக்னீஷியன். பதினோரு வருடமாக டெம்பரரி. கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி பீளமேடு வருகிறாள். ஜனவரியில் அரசு வேலைக்கு அவளுக்கு அப்ளிகேஷன் போட்டது நான்தான். வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. அடுத்த முறை அறிவிப்பு வந்தாலும் அவள் போட முடியாது.

போனை நீட்டினாள். அதில்: அனுபவச் சான்று, கோப்பைத் திறக்க இயலவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆட்சேபணை இருந்தால் 12ஆம் தேதிக்குள்.

என் கம்ப்யூட்டரில் அதே பைலைத் திறந்தேன். பளிச்சென்று திறந்தது. பதினோரு வருட சர்டிபிகேட், பிரின்சிபால் கையெழுத்து, சீல், எல்லாம் இருக்கிறது.

“பாரு அம்மணி, இங்க தொறக்குது. அவங்க கம்ப்யூட்டர் என்ர முழங்காலாட்ட. மடக்கினா நீட்ட முடியறதில்ல.”

பரிதா சிரிக்கவில்லை. டீ சொல்லட்டுமா என்றேன். “நோன்புங்க்கா.” வருடா வருடம் மறந்துபோகிறேன்.

மார்ச் 4, புதன்

காற்றே இல்லை. மத்தியானம் கரண்டும் இல்லை, ஒன்றரை மணி நேரம்.

பிரிண்டர் ரோலர் மாற்ற சர்வீஸ் மணி வந்தான். என் கம்ப்யூட்டரில் இருக்கிற பி.டி.எஃப் ரீடர் அவன் போட்டுக் கொடுத்தது. எதைக் கொடுத்தாலும் திறக்கும். பாதி டவுன்லோட் ஆனது, வைரஸ் தின்றது, எதுவானாலும். அதற்கு நான் வைத்த பெயர் நல்லவன்.

பரிதா விஷயத்தைச் சொன்னேன். மணிக்கு அலட்சியம். “நம்ம ரீடரைப் போடச் சொல்லுங்க்கா அவங்கள. தொறக்காத ரீடர் எதுக்குங்க? பூட்டு வாங்கிட்டாப் போதுமே.”

எனக்கு மட்டும் உள்ளுக்குள் என்னவோ. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதி வைக்கிறேன். அந்த வெப்சைட் பைலை இருநூறு கேபிக்குள் கேட்கும். ஸ்கேன் செய்தால் எண்ணூறு வருகிறது. போனில் போட்டோ எடுத்துச் சுருக்கினால் நூற்றைம்பது. ஆனால் போட்டோவை வாங்காது, பி.டி.எஃப்தான் வேண்டும். அதனால் பைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற வாலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பி.டி.எஃப் என்று அடித்துவிடுவேன். ரீநேம். இரண்டு நொடி வேலை. வெப்சைட்டும் பச்சை டிக் போட்டு வாங்கிக்கொள்ளும். நல்லவனும் திறந்துவிடுவான். இதைச் சொல்லிக் கொடுத்தவன் மணி. இந்த ரோட்டில் நாலு கடையிலும் இப்படித்தான்.

மார்ச் 5, வியாழன்

எதிர் ஆபீஸ் நித்யா வாடகை அக்ரிமென்ட் பிரிண்ட் எடுக்க வந்தாள். சாப்ட்வேர் இன்ஜினியர். ஆறு வருடப் பழக்கம், என் வாயைத் தாங்குகிற சிலரில் ஒருத்தி. லேப்டாப்போடுதான் வருவாள். பரிதா பைலை அதில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அவளிடம் இருக்கிற ரீடர் திறக்கவில்லை. குறுக்கே சிவப்புப் பட்டை.

“அக்கா, இது பி.டி.எஃப்பே இல்ல. போட்டோ.”

“பேர்லயே பி.டி.எஃப்னு போட்டிருக்குதே கண்ணு.”

“பேரை மாத்துனா ஆள் மாறிருமாங்க்கா?”

“அதுவும் சரிதான். எங்கூட்டுக்காரரு பேரு ராஜா. முப்பது வருசமா பவுண்டரில மோல்டிங் அடிக்கறாரு.”

சிரித்தாள், பிறகு பொறுமையாகச் சொன்னாள். பி.டி.எஃப் என்றால் அதற்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கிறதாம். பைலுக்குள்ளே முதல் வரியிலேயே நான் இன்னது என்று எழுதியிருக்க வேண்டும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கடைசியில் ஒரு பட்டியலும் இருக்க வேண்டும். நல்லவன் உள்ளே பார்த்து, ஓ இது போட்டோ என்று தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் காட்டிவிடுகிறான். வெப்சைட் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுவிட்டது. கடைசியில் சரிபார்க்கிற ஆபீஸில் விதிப்புத்தகத்தை அப்படியே பிடிக்கிற சாப்ட்வேர். திறக்க மாட்டேன் என்றுவிட்டது.

அவள் ரீடருக்குக் கறார் என்று பெயர் வைத்தேன். பெயர் வைக்கிற நேரமா இது.

நாலரை மணிக்குப் பரிதா. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி, சின்னத் தூக்கில். நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்குகிற நாளில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் எனக்கொரு பங்கு கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

“ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களாக்கா?”

“பார்த்துட்டு இருக்கறேன் அம்மணி.”

சொல்லவில்லை. கஞ்சியைத் தொடாமல் மூடி வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மணி பழைய ரோலரை எடுக்க வந்த நேரம் நித்யாவும் வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்டேப்ளர் வைத்துக்கொண்டு நான்.

மணி: “ஏனுங்க, ஒரு சர்டிபிகேட் கண்ணுக்குத் தெரியுது. படிக்க முடியுது. பின்ன என்னங்க விதி? சாப்ட்வேர் மனுசனுக்குத்தானுங்களே?”

நித்யா: “உங்க சாப்ட்வேர் முதல் நாளே இது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அக்கா அன்னைக்கே நிறுத்தியிருப்பாங்க. தப்பை மறைச்சு மறைச்சு அவங்களையே பழக்கிருச்சு.”

“அப்ப தொறக்காம மூஞ்சில அடிக்கறது நல்லதுங்களா? அடி வாங்குனது யாருங்க? அந்தப் பரிதாங்க. தப்பு பண்ணுனது...” என்று என்னைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான்.

“நானுந்தான், நீயுந்தான். சொல்லு சாமி, வாய் நோகாது,” என்றேன்.

நித்யா: “மணியண்ணன் சொல்றதுலயும் ஒன்னு இருக்குங்க்கா. திறக்காட்டி, ஏன் திறக்கலைன்னு ஒழுங்காச் சொல்லியிருக்கணும். போட்டோன்னு தெரிஞ்சும் வெறுமனே ‘இயலவில்லை’ன்னா யாருக்குப் புரியும்?”

அவர்களுக்குச் சொன்ன டீ ஆறிவிட்டது. இருவருக்கும் சேர்த்து நானே குடித்தேன்.

மில் ஞாபகம் வந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டு நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்றேன், மில் மூடுகிற வரைக்கும். பழைய மெஷின் தடித்த நூல், முடிச்சு, பிசிறு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஓடும். புது மெஷின் அப்படியில்லை, கொஞ்சம் தடித்தால் நூலை அறுத்துவிட்டு நின்றுவிடும். போய் முடிச்சுப் போட வேண்டும். நாங்கள் புது மெஷினைத் திட்டாத திட்டில்லை. ஷிப்டில் பழைய மெஷின் கிடைத்தால் கும்பிடு போடுவோம். பழைய மெஷின் நூல் எங்கேயோ துணியில் தடித்து நின்று, தறிக்காரன் யாரையோ திட்டியிருப்பான். அது எங்கள் காதில் விழுந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கடை லீவு. ஆனாலும் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்தேன். நித்யா என் கம்ப்யூட்டரில் கறாரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய கஸ்டமர் பைல்களை ஒவ்வொன்றாக அதில் இழுத்துப் போட்டேன். சிவப்பு. சிவப்பு. ஒரு பச்சை. சிவப்பு. சிவப்பு வந்த பெயர்களை நோட்டில் எழுதினேன், நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

போன் நம்பர் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன்.

ஒருத்தர், அதே மாதிரி ரீநேம் பைல், வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பைலை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். “உங்க கை ராசிங்க்கா,” என்றார்.
ஒருத்தி ஸ்காலர்ஷிப், வந்துவிட்டது.
இரண்டு பேர் எடுக்கவில்லை.
ஒரு நம்பர் இப்போது வேறு யாரிடமோ.

கிணத்துக்கடவு செந்தில். டிரைவர் போஸ்ட்டுக்கு இரண்டு வருடம் முன் போட்டுக் கொடுத்தேன்.

“ரிஜெக்ட்டுங்க்கா. ஏன்னு தெரியலீங்க. நான் ஏதோ தப்பாக் கையெழுத்துப் போட்டுட்டேனாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். இப்ப தேங்காய் மண்டில லாரி ஓட்டறேனுங்க. வயசும் தாண்டிப்போச்சு. பரவால்லீங்க்கா, நீங்க எப்படி இருக்கறீங்க?”

அவன் தப்பில்லை, என் தப்பு என்று சொன்னேன். அந்தப் பக்கம் லாரி ஹாரன். “பரவால்லீங்க்கா,” என்றான் மறுபடியும். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் சமைக்கவில்லை. வீட்டுக்காரர் பரோட்டா வாங்கி வந்தார்.

மார்ச் 9, திங்கள்

மேகமூட்டம். மழை வராது, ஏமாற்றுகிறது.

பரிதாவுக்குப் போன் செய்து கடைக்கு வரச் சொன்னேன். காலையில் கடைக்கு வருகிற வழியெல்லாம் ஒரு கிண்டலோடு ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் வரவில்லை.

“பரிதா, தப்பு அவங்க மேல இல்ல. என்ர மேல. நான் போட்டோவை பி.டி.எஃப்னு பேர் மாத்தி அனுப்பிப்போட்டேன். அங்க தொறக்காது.”

கவுண்டர் மேல் கிடந்த பேப்பர் கிளிப்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்தாள்.

“செவ்வாக்கிழமையே தெரியுமாக்கா?”

“வியாழக்கிழமை தெரியும்.”

“கஞ்சி குடுத்தனே, அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

“நாலு நாளு போச்சேக்கா.” அவ்வளவுதான். கத்தவில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். இன்று தூக்கு வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பரிதா மத்தியானம் வந்தாள். ஹெல்ப்லைனில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கேட்டுவிட்டாளாம். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஆட்சேபணையோடு சரியான பைல் வேண்டும். பைலைத் தயாரித்த சென்டர், தப்பு தங்களுடையது என்று கைப்பட எழுதி, கையெழுத்து, கடை சீலோடு கொடுக்க வேண்டும். அதையும் பி.டி.எஃப்பாக.

மணிக்குத் தெரிந்து ஓடி வந்தான். “அக்கா, சீல் மட்டும் வெச்சுப்போடாதீங்க. நாளைக்கு நாற்பது பேரும் லெட்டர் கேட்டு நிப்பாங்க. கடையே போயிரும். வாயில சொல்லுங்க, எழுத்துல வேண்டாமுங்க.”

அவன் சொன்னதும் பயம்தான். இந்தக் கடை மில் மூடின பிறகு நான் நிற்கிற இடம். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்த பிறகு பதில். “எழுதிக் குடு புள்ள. தெனமும் நோட்டை வெச்சுட்டு எழுதித்தான பழகற.”

மார்ச் 11, புதன்

நித்யா நல்ல தமிழில் டைப் செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கைப்பட என்றால் கைப்பட. நாலு பேப்பர் கிழித்தேன். ஐந்தாவது:

‘ஐயா, திருமதி பரிதா அவர்களின் அனுபவச் சான்றை பி.டி.எஃப் ஆக மாற்றாமல், படத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியவள் நான். அவருக்கு இது தெரியாது. சான்று உண்மையானது. தவறு என்னுடையது. அவரைத் தண்டிக்க வேண்டாம்.’

கையெழுத்து. சீல். சீல் லேசாகச் சாய்ந்துவிட்டது. இருக்கட்டும்.

பிறகு சர்டிபிகேட். ஒழுங்காக ஸ்கேன். 812 கேபி. குறைத்தேன், 640. இன்னும் குறைத்தேன், 330. இன்னும், 190, ஆனால் பிரின்சிபால் கையெழுத்து எறும்பு மிதித்த மாதிரி. முதலிலிருந்து. கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில். 221. ஓரத்தை வெட்டி, 196. கையெழுத்து படிக்க முடிகிறது.

பரிதா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கிளிக்கையும் பார்த்தாள். போலீஸ்காரி தோற்றாள்.

கறாரில் போட்டேன். பச்சை.

“இன்னொரு தரம் போடுங்க.”

போட்டேன். பச்சை.

“லெட்டரையும்.”

பச்சை. அனுப்பினோம். ஒப்புகை நம்பரை அவளே எழுதிக்கொண்டாள். என்னிடம் எழுதச் சொல்லவில்லை.

அவள் போனதும் நல்லவனை கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டான். கடைசி வரை நல்லவன்.

மார்ச் 13, வெள்ளி

வெயில். பக்கத்துக் கடையில் கூட்டம், என் கடையில் மின்விசிறி சத்தம்.

கறார் எதையும் திறக்க மாட்டேன் என்கிறான். பிள்ளைகள் வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி வந்த நோட்ஸைக் கொண்டு வருகிறார்கள். சிவப்பு. பழைய போனில் ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு. சிவப்பு. ஒரு தாத்தா மருந்துச் சீட்டு பிரிண்ட் கேட்டார், அவர் மகள் அனுப்பியது. சிவப்பு. மருந்துச் சீட்டுக்கெல்லாம் எதற்கு விதிப்புத்தகம்? அவர் போனிலேயே திறந்து, திரையைப் போட்டோ பிடித்துப் பிரிண்ட் போட்டேன். கறாருக்குத் தெரியாமல்.

அந்தக் காலேஜ் புள்ளை வாசலோடு போனது. “அக்கா, உங்க கடைல ஒன்னும் தொறக்காதுன்னு ஹாஸ்டல்ல பேசிக்கறாங்க.”

“ஷட்டர் தொறக்குதுன்னு சொல்லு கண்ணு.”

டோனர் வந்துவிட்டது. போட வேலை இல்லை.

மார்ச் 16, திங்கள்

காலை 11.20. போனில் பரிதா அனுப்பிய படம் ஒன்று. வார்த்தை இல்லை. படத்தில்: ஆட்சேபணை ஏற்கப்பட்டது. அனுபவச் சான்று சரிபார்க்கப்பட்டது. எழுத்துத் தேர்வுக்குத் தகுதி.

மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது தடவை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

நோட்டில் போன வாரம் ஞாயிறு எழுதின நாற்பது பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பேசி முடித்ததை, சரிசெய்ததை அடித்துக்கொண்டு வருகிறேன். பரிதா பெயரை அடித்தேன். கிணத்துக்கடவு செந்தில் பெயரை அடிக்க முடியவில்லை. அது அப்படியே இருக்கும்.

மார்ச் 18, புதன்

ராத்திரி நாலு சொட்டு மழை. புழுக்கம் கூடிவிட்டது. வலது முழங்கால் முறை.

நாலரை மணி. பரிதா. கையில் தூக்கு. கவுண்டர் மேல் வைத்தாள், பேசவில்லை. போனை நீட்டினாள். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. ஞாயிறு பரீட்சை. அவள் போனில் டவுன்லோட் ஆகிறது, திறக்கவில்லை. ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க வேண்டும், சீக்கிரம் பிரிண்ட் வேண்டும்.

கறாரில் போட்டேன்.

சிவப்பு.

மறுபடி டவுன்லோட். சிவப்பு. ‘இந்தக் கோப்பு முறைப்படி அமைக்கப்படவில்லை.’ பரிதா போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க ஒன்னும் பண்ணலையேக்கா?”

“நான் தொடவே இல்ல அம்மணி. சத்தியமா. இது அவங்க ஊட்டுச் சமையல்.”

நித்யாவைக் கூப்பிட்டேன், மீட்டிங். மணியைக் கூப்பிட்டேன். “மணி, நல்லவனைக் கூட்டிட்டு வா.”

“தொறக்காத ரீடர் எதுக்குன்னு கேட்டனுங்களே...”

“பேசாம வாடா.”

பத்து நிமிடத்தில் வந்தான். பென் டிரைவைச் சொருகினான். நல்லவன் வந்து உட்கார்ந்தான், ஒரு கேள்வி கேட்கவில்லை, திறந்தான். பரிதா போட்டோ, நம்பர், பரீட்சை சென்டர் கொடிசியா பக்கம், எல்லாம் தெளிவாக.

மணி திரையில் எதையோ தட்டிப் பார்த்தான். ஒரு மாதிரி இருமினான். “அக்கா... இது போட்டோங்க. பேரை மாத்தி அனுப்பிச்சிருக்கறாங்க.”

மூன்று பேரும் திரையை எட்டிப் பார்த்தோம்.

பரிதாதான் முதலில். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. நோன்பு வைத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

“ஏனுங்க்கா, அவங்ககிட்டயும் சீல் வெச்சு ஒரு லெட்டர் கேக்கலாமா? கைப்பட?”

ஹால் டிக்கெட்டை நாலு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கஞ்சி இன்னும் சூடாக இருந்தது.